தாத்தா தூங்குறாங்க

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அங்கே காய்ச்சல் தலைவலி இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்ற நினைப்பில் இதை ஆரம்பிக்கிறேன். உன் அம்மாவுக்கு முதுகு வலி எப்போதும் போலத்தான், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நனைந்த படுக்கை விரிப்பைத் தூக்கித் தூக்கிப் போடுகிறவளுக்கு முதுகு வலிக்காமல் இருந்தால்தான் அதிசயம். எனக்குக் கால் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்குத் திடீரென்று பேனாவை எடுத்தார், யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதா என்று பதறாதே. யாரும் சாகவில்லை. போனில் பேசும்போது உன் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், நான் வாயெடுத்தால் முழங்கையால் இடிக்கிறாள், "கண் காணாத ஊர்ல தனியா கிடக்குற பொண்ணுகிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க, உங்களுக்கு அறிவிருக்கா" என்று பிறகு ஒரு பாட்டம் திட்டு வேறு. அதற்குள் உன் பக்கம் நீ வளர்க்கிற அந்த வீட்டுக் குழந்தை அழும், நீ அப்புறம் பேசுறேன் என்று ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் தெரியுமா, நம் வீட்டுக்கு வெளியே மாடிப்படியில். மத்தியான நேரம், நான் தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

போன மாதம் நீ உன் மகளைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, "அப்பா, வாயாடி இப்ப என்னல்லாம் பேசுறா?" என்று. உன் அம்மா போனைப் பிடுங்கி, "எல்லாம் பேசுறா, வாயை அடைக்க முடியல" என்று சிரித்தாள். அது பொய்யம்மா. வாயாடி என்று நீதான் பெயர் வைத்தாய், வயது ஒன்று ஆவதற்குள் வாளியோடும் சுவரோடும் மழலை பேசிக்கொண்டிருந்தாள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம், பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. நீ விமானம் ஏறினபோது அவள் அப்போதுதான் நடக்க ஆரம்பித்திருந்தாள், இப்போது ஐந்து வயது முடிந்துவிட்டது. இந்த மாடியில் அவளை இப்போது யாரும் வாயாடி என்று கூப்பிடுவதில்லை. பூனை என்கிறார்கள். எதிர்வீட்டில் இருந்த தையல்காரிதான் ஆரம்பித்துவைத்தாள், "உங்க வீட்டுப் பூனைக்குட்டி வந்து நின்னது எனக்குத் தெரியவே இல்லைங்க, திரும்பிப் பார்த்தா பின்னாடி நிக்குது, உசுரே போச்சு" என்று. வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

நம் வீடு எப்படி ஓடுகிறது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன், எழுதினால்தான் எனக்கே விளங்குகிறது. நான் ராத்திரி முழுக்க அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில் நின்றுவிட்டு விடிந்ததும் வருகிறேன், நான் உள்ளே வரும்போது உன் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போகிறாள், வாசலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் குடும்பம். பிறகு அந்த ஒரே அறையில் நானும் வாயாடியும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டுவிட்டு, இருப்பதைச் சாப்பிட வைத்துவிட்டு, நான் படுத்துவிடுவேன். தூங்காவிட்டால் ராத்திரி நிற்க முடியாது, நிற்கும்போது கண் சொக்கினால் மேலதிகாரியின் கேமரா பார்க்கும், வேலை போகும். சமைப்பது, தூங்குவது, துணி காய்வது எல்லாம் அந்த ஒரு அறையில்தான் என்னும்போது குழந்தைக்குச் சொல்ல முடிகிற ஒரே வார்த்தை "ஷ்". தாத்தா தூங்குறாங்க, ஷ். நான் சொன்னேன், உன் அம்மா கிளம்பும்போது சொன்னாள், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற பேக்கரிக்காரனும் சொன்னான், அவனுக்கும் ராத்திரி வேலை, பகலில் தூக்கம். இந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் பகலில் தூங்குகிறவர்கள். இது என் குற்றம் என்று நான் இங்கே உட்கார்ந்து கண்ணீர் விடப்போவதில்லை. தூங்கினது குற்றமென்றால் என்னைத் தூங்க விடாத வேலையைக் கொடுத்தவன் யார் என்று கேட்க வேண்டியிருக்கும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நடந்தது என்னவென்றால், அவள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். டம்ளரைச் சிமெண்ட் தரையில் சத்தமே வராமல் வைக்கத் தெரியும், முதலில் சுண்டுவிரலை அடியில் கொடுத்து, அதன்மேல் டம்ளரை இறக்கி, பிறகு விரலை உருவுவாள். தகரப் பெட்டியின் மூடியைக் கிரீச்சிடாமல் திறப்பாள். துணி மாட்டுகிற கிளிப்புகளை வரிசையாக வைத்து ஏதோ விளையாடுவாள், அந்தக் கிளிப்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்போது அவள் உதடு மட்டும் அசையும், குரல் வராது. தும்மல் வந்தால் தலையணையில் முகத்தை அழுத்திக்கொள்வாள். கதவை ஓசையில்லாமல் சாத்துவதற்கு ஒரு பரீட்சை வைத்தால் இந்த ஊரிலேயே முதலாவதாக வருவாள். அப்படி ஒரு பரீட்சையை யாரும் வைப்பதில்லை.

வேறு பரீட்சை வைத்தார்கள். முதல் வகுப்பில் சேர்க்கப் போனோம், அங்கே பிள்ளைகளைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒரு டெஸ்ட், அதில் தேறினவர்கள் முன்பக்கக் கட்டடத்துக்கு, தேறாதவர்கள் பின்னால் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற அறைக்கு. அதற்குத் தனிக் கவனிப்பு வகுப்பு என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். தெருவில் அதற்குப் பெயர் மக்கு ரூம். போனவர்கள் யாரும் அங்கிருந்து முன்பக்கத்துக்குத் திரும்பி வந்ததில்லை, காய்கறி விற்கிறவளின் பையன் ஐந்தாவது வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது மூட்டை தூக்குகிறான். டெஸ்ட் எடுத்த பெண் சின்னப் பெண், பார்த்தால் உன் வயதுதான் இருக்கும், நல்ல மாதிரி, வாயாடியை மடியில்கூட உட்கார வைத்துக்கொள்ளப் பார்த்தாள். ஒவ்வொரு படமாகக் காட்டி இது என்ன, இது என்ன என்று கேட்டாள். படத்தில் பாதி வீட்டுச் சாமான்கள், நம் வீட்டில் இல்லாத சாமான்கள். சோபா, புத்தக அலமாரி, குளிக்கிற தொட்டி. அலமாரியைப் பார்த்து ரொம்ப நேரம் கழித்து வாயாடி, மூச்சுக்காற்றில், "பெட்டி" என்றாள். பிறகு மூன்று படங்களை வைத்து இதை வரிசையாக அடுக்கிக் கதை சொல்லு என்றாள் அந்தப் பெண். ஒரு பையன் கண்ணாடிக் கிளாசை எடுக்கிறான், அது கீழே விழுந்து உடைகிறது, அவன் கூட்டிப் பெருக்குகிறான், இவ்வளவுதான் கதை. வாயாடி அந்த நடுப்படத்தை, கிளாஸ் உடைகிற படத்தை, உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கையை எடுக்கவே இல்லை. அந்தப் படத்தில் சத்தம் இருக்கிறது என்பது அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரிந்தது.

டெஸ்ட் முடிந்ததும் அந்தப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வயதுக்குத் தேவையான வார்த்தையில் பாதிகூட இல்லை, யோசிக்கிறது, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்க்கிறது எல்லாமே பேச்சோடு சேர்ந்து வளர்வது, இந்த வயதில் பிடிக்காவிட்டால் பிறகு பிடிப்பது ரொம்பக் கஷ்டம் என்றாள். கையில் ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தாள். குழந்தையோடு நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருங்கள், படப் புத்தகம் காட்டுங்கள், குழந்தைக்கென்று வீட்டில் ஒரு தனி மூலை ஒதுக்குங்கள். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "மூலைக்கு எங்கம்மா போறது, இருக்கிற நாலு மூலையில ஒண்ணுல அடுப்பு, ஒண்ணுல தண்ணி டிரம், ஒண்ணுல நான், ஒண்ணுல துணி. யாரு பேசறது? ஒருத்தி துவைக்கப் போயிட்டா, ஒருத்தன் தூங்குறான், பெத்தவ இன்னொருத்தர் பிள்ளைகிட்டப் பேசறதுக்குச் சம்பளம் வாங்கிட்டுத் தூரமா போயிருக்கா" என்றேன். அவள் கோபப்படவில்லை. "வீடு ஒரு ரூம்தான்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியுங்க" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "மார்க்கைப் பார்த்தாலே தெரியுதுங்க. எத்தனை ரூம், அம்மா வீட்ல இருக்காங்களா, புத்தகம் இருக்கா, எல்லாம் இந்த மார்க்குலயே இருக்கு. நான் வருசா வருசம் பிள்ளைங்களுக்கு டெஸ்ட் எடுக்கறேன்னு பேரு, வீட்டுக்குத்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்" என்றாள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை டெஸ்ட் வைக்கலாம், அதற்குள் ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினாள்.

அன்றைக்கு வீடு வரைக்கும் உன்னைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில் சொன்னாய் அல்லவா, அந்த வீட்டம்மா போட்ட கண்டிஷனே பேசிக்கிட்டே இருக்கணும் என்பதுதான் என்று. சாக்ஸ் மாட்டும்போது இது இடது கால், இது வலது கால், குளிப்பாட்டும்போது இது சூடு, இது குளிர், ஜன்னல் பக்கம் போனால் அது மேகம், அது பறவை, நிறுத்தவே கூடாது. "அப்பா, சாயங்காலம் ஆனா தாடை வலிக்குதுப்பா" என்று நீ சொன்னபோது, பேசுறதுக்கெல்லாம் சம்பளமா, என் மகளுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பாரு என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தப் பையனுக்கு மூன்று வயதிலேயே இரண்டு மொழி தெரியும், உன் பேச்சையும் சேர்த்தால் இரண்டரை. நன்றாக இருக்கட்டும், அவன் என்ன பாவம் செய்தான். ஆனால் எனக்குக் கணக்கு இப்போதுதான் புரிகிறது. இந்த வீட்டில் விற்பதற்கு இருந்தது என் தூக்கம், உன் அம்மாவின் முதுகு, உன் பேச்சு, மூன்றையும் விற்றுவிட்டோம், வாயாடிக்கு மிச்சம் இருந்தது அமைதி மட்டும்தான். நான் காவல் நிற்கிற கட்டடத்தில் ஐந்தாவது மாடி அம்மா ஒருத்தி காலையில் பிள்ளையைக் காரில் ஏற்றும்போது தினமும் புலம்புவாள், "இவன் வாயே மூட மாட்டேங்கறான், கேள்வி கேட்டே என்னைக் கொல்றான்" என்று. இவ்வளவு நாள் நானும் கூடச் சேர்ந்து சிரித்துக் கதவைத் திறந்து விடுவேன். இப்போது அந்த அம்மாவைப் பார்க்கும்போது கதவை அவள் விரலில் சாத்தலாமா என்று தோன்றுகிறது. சாத்தவில்லை, பயப்படாதே.

அந்த ஆறு மாதத்தில் என்னென்ன செய்தோம் என்று கேள். பகல் ஷிப்ட் கேட்டுப் பார்த்தேன், மேலதிகாரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பகல்ல நிக்கிறவனுக்கு மூஞ்சி வேணும்யா, ராத்திரி நிக்கிறவனுக்குக் கண்ணு இருந்தா போதும்" என்று சொல்லிவிட்டான். சரி, வேறெங்காவது தூங்கலாம் என்று கட்டடத்தின் ஜெனரேட்டர் அறையில் படுத்தேன், எண்ணெய் வாடையில் தலை சுற்றியது, அங்கேயும் யாரோ போட்டுக்கொடுத்து விரட்டிவிட்டார்கள். உன் அம்மா வேலையிலிருந்து வந்ததும் கதை சொல்கிறேன் என்று பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்வாள், ஒரு ஊர்ல ஒரு முயல் இருந்துச்சாம் என்று ஆரம்பிப்பாள், முயல் காட்டுக்குள் போவதற்குள் இவள் குறட்டை விடுவாள். வாயாடி எழுந்து போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டு, வேலைக்குக் கிளம்புகிற என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைப்பாள். அந்த முயல் இன்று வரைக்கும் காட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஒரே ஒரு வழி திறந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுத் தையல்காரி, "நான் பார்த்துக்கறேன், இங்க விடுங்க, அது பாட்டுக்கு ஒரு மூலையில உக்காரட்டும்" என்று தானாகச் சொன்னாள். காசு வாங்கவில்லை. ஒரு வாரம் போயிருக்கும், கதவைத் தட்டி என்னை எழுப்பினாள், சிரிப்பும் அழுகையுமாக, "உங்க பூனை பாடுதுங்க, வந்து பாருங்க, ஆனா உள்ள வராதீங்க" என்று. போய் அவள் வாசலில் நின்றேன். தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சத்தத்துக்குள் வாயாடி துண்டுத் துணிகளை அடுக்கிக்கொண்டு தானாகவே எதையோ பாடிக்கொண்டிருந்தாள், நல்ல கட்டைக் குரல், உன் குரல். சிவப்பு, பச்சை, கிழிஞ்சது, பெருசு, சின்னது, இது சட்டைக்கு, இது உனக்கு, இது அம்மாவுக்கு என்று கோர்த்துக் கோர்த்து. தையல்காரி மிதியை நிறுத்தினாள், பாட்டும் நின்றது. மறுபடி மிதித்தாள், பாட்டு வந்தது. என் ஆயுசில் நான் கேட்ட நல்ல சத்தம் அந்த மெஷின் சத்தம்தான். அங்கே போன நாட்களில் கேள்விகூடக் கேட்க ஆரம்பித்தாளாம், ஏன் நூல் சுத்துது, ஊசிக்கு வலிக்காதா என்று. பிறகு வீட்டுக்காரன் எல்லோருக்கும் வாடகையை ஏற்றினான், உன் பணம் வந்ததால் நாங்கள் ஒட்டிக்கொண்டோம், தையல்காரிக்குப் பணம் அனுப்ப யாரும் இல்லை, மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே போய்விட்டாள். போகும்போது வாயாடியின் கையில் ஒரு காலி நூல்கண்டைக் கொடுத்தாள். அதை அவள் தரையில் உருட்டுவதில்லை, உருட்டினால் சத்தம் வருமாம்.

இருந்தும் இரண்டாவது டெஸ்டுக்கு நம்பிக்கையோடுதான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். உன் அம்மா புதுச் சட்டை போட்டு விட்டாள், தையல்காரியிடம் இருந்த பேச்சில் கொஞ்சமாவது மிச்சம் இருக்கும் என்று நினைத்தேன். இந்தத் தடவை வேறு ஒரு அம்மா, வயதானவர், நாள் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்துக் களைத்துப்போனவர், பெற்றவர்கள் வெளியே நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். கதவில் இருந்த கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். அறையின் மூலையில் அங்கே வேலை செய்கிற பியூன் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார், ராத்திரியும் வேறு எங்கேயோ வேலை பார்க்கிற ஆள் போலிருக்கிறது, நம்ம ஆளு என்று எனக்குள் சிரித்தும் கொண்டேன். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை பார். அந்த அம்மா ஒரு படத்தைத் தூக்கிக் காட்டிச் சத்தமாக ஏதோ கேட்டார், வாயாடி படத்தைப் பார்க்கவில்லை, மூலையைப் பார்த்தாள். அடுத்த படம், மறுபடியும் மூலை. மூன்றாவது தடவை அந்த அம்மா இன்னும் சத்தமாகக் கேட்டபோது இவள் அவரை நேராகப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள். சீக்கிரமே முடித்து வெளியே அனுப்பிவிட்டார்கள். "உங்க பேத்தி பலே ஆளுங்க, டெஸ்ட் எடுக்கிற என்னையே வாயை மூடச் சொல்லுது" என்று அந்த அம்மா சிரித்தார். எழுதினதை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், படம் காட்டினாங்களே, அது என்னன்னு தெரியுமா கண்ணு என்று. பஸ் இரைச்சலில் என் காதோடு வாயை வைத்துச் சொன்னாள், "குடை. ஏணி. சாவி. மீன். அப்புறம் ஒருத்தர் மரத்துல ஏறுறாரு, பழம் விழுது, நாய் ஓடுது." ஏன் அங்கே சொல்லவில்லை என்றேன். "அந்த மாமா தூங்குறாங்கல்ல" என்றாள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. எல்லாமே தெரிந்திருந்தது என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்கும், ஆனால் அப்படியும் இல்லை. பாதிப் படத்துக்குத் தெரியாது என்றுதான் தலையாட்டினாள், அந்த வார்த்தைகளை அவளுக்கு யாரும் கொடுத்ததே இல்லை. ஆனால் தெரிந்த பாதியைச் சொல்லியிருந்தால் முன்பக்கக் கட்டடத்துக்கு அது போதுமாம். மறுநாள் தூங்காமல் திரும்பப் போனேன், முதலில் டெஸ்ட் எடுத்த அந்தச் சின்னப் பெண்ணைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொன்னேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "அவர் எப்பவும் தூங்குவாருங்க, நாங்க யாரும் கண்டுக்கறதே இல்ல, நாற்காலி மாதிரி ஆயிட்டாரு" என்றாள். இன்னொரு தடவை வைக்க முடியாதா என்றேன். பெயர்கள் மேலே போய்விட்டன, ஒரு பிள்ளைக்கு இரண்டு தடவைதான், தூங்கினவரைப் பார்த்துப் பேசவில்லை என்பதற்கு அவர்களிடம் சட்டம் எதுவும் கிடையாது என்றாள். எனக்காகப் போய்க் கேட்டாள், கேட்டுவிட்டு வரும்போதே முகம் சொல்லிவிட்டது. வாயாடி மக்கு ரூமுக்குப் போய்விட்டாள். அவள் அங்கே ரொம்ப நல்ல பிள்ளையாம். அந்த வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்ததும், "இந்த மாதிரி ஒரு பிள்ளை இருந்தா போதும், இருக்கிறதே தெரியல" என்று பாராட்டினார்.

அதனால்தான் நான் இப்போது மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடம் காலையோடு முடிந்துவிடுகிறது, மத்தியானம் அவள் வீட்டில் இருக்கிற நேரத்தில் நான் வெளியே வந்துவிடுகிறேன், இங்கேயே சுவரில் சாய்ந்து கண் அயர்கிறேன். தாத்தா வீட்ல இல்லை, கத்து, குதி, டப்பாவைப் போட்டு உடை, பேக்கரிக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். வந்து கதவின்மேல் காதை வைத்துக் கேட்பேன். உள்ளே ஒன்றும் கேட்பதில்லை. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்போது கதவு திறந்தது, சத்தம் கேட்டுத் திரும்பவில்லை, முதுகில் காற்றுப் பட்டதால் திரும்பினேன். டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் படியில் வைத்தாள், சுண்டுவிரலை அடியில் கொடுத்து, பிறகு உருவினாள். "தாத்தா முழிச்சுக்கிட்டுதானே இருக்கேன், சத்தமா ஏதாவது சொல்லேன் கண்ணு" என்றேன். யோசித்தாள். பிறகு குனிந்து என் காதில், "இனிமே தூங்குவீங்கல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்தினது எனக்குக் கேட்கவில்லை.

இனி நீ கேட்ட விஷயம். அந்த வீட்டம்மா இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாள், உன் பேச்சு பிள்ளைக்கு நன்றாக ஒட்டிக்கொண்டது என்கிறாள், என்ன செய்யட்டும் என்று கேட்டாய். ஒரு வாரமாக இதைத்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். நீ திரும்பி வந்தால் வாயாடிக்குப் பேச ஒரு ஆள் கிடைக்கும், ஆனால் வாடகை போகும், நாமும் தையல்காரி மாதிரித் தள்ளுவண்டியோடு கிளம்ப வேண்டும், நீயும் இங்கே ஏதாவது வேலைக்குத்தான் போக வேண்டும், போனால் உன் பேச்சும் உன் அம்மா சொன்ன முயல் கதை மாதிரி பாதியில் நிற்கும். நீ அங்கேயே இருந்தால் ஒருநாள் இரண்டு அறை உள்ள வீட்டுக்குப் போகலாம், ஒன்றில் நான் தூங்க, ஒன்றில் அவள் கத்த. ஆனால் அந்த இரண்டாவது அறை வந்து சேரும்போது, அந்தச் சின்னப் பெண் சொன்ன வயது போயிருக்கும். நீ பேச வேண்டிய வருடங்களை விற்றுத்தான் அவள் பேசுவதற்கான அறையை வாங்க முடியும், அறை வரும்போது பேச்சு இருக்காது. இப்படி ஒரு கணக்கை எவன் போட்டான் என்று தெரியவில்லை, அவன் வீட்டில் நிறைய அறைகள் இருக்கும் என்பது மட்டும் நிச்சயம். வாயாடியின் அப்பா விட்டுவிட்டுப் போனான், அவனைத் திட்டிப் பிரயோஜனமில்லை, அவன் இருந்திருந்தால் இன்னொரு ஆள் பகலில் தூங்கியிருப்பான், அவ்வளவுதான். வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் அம்மா. எழுத முடியவில்லை. கையெழுத்துப் போட்டுவிடு. நல்லது நடக்கும் என்று சொல்லவில்லை, இருக்கிற ஒரு அறையும் போய்விடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். இதை உன் அம்மா சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே, நான் சொல்கிறேன். இந்தக் கோபத்தை அங்கே அந்தப் பையனிடம் காட்டாதே. மேகம் என்றால் மேகம் என்று சொல், பறவை என்றால் பறவை என்று சொல், அரைகுறையாகச் சொல்லாதே. எங்காவது ஒரு பிள்ளைக்காவது உன் பேச்சு போய்ச் சேரட்டும்.

நீ நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள், குளிருக்குக் காதை மூடிக்கொள், தொண்டை கட்டினால் சுடுதண்ணீர் குடி, உன் குரல்தான் உன் பிழைப்பு. என்னுடைய ஆசீர்வாதமும் உன் அம்மாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அதற்கு மட்டும் நாங்கள் யாருக்கும் வாடகை தர வேண்டியதில்லை. இந்தக் கடிதம் வந்ததை அம்மாவிடம் காட்டிக்கொள்ளாதே, எழுதினது தெரிந்தால் என்னைப் படியில்கூட உட்கார விடமாட்டாள்.

மறக்காமல் ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது கொஞ்சம் மெதுவாகப் பேசு. நான் பேசிவிட்டுப் படுத்ததும் போன் அவளிடம் போகும், நீ வாயாடீ என்று சந்தோஷத்தில் கத்துகிறாய், அவள் போனைத் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துவிடுகிறாள். உன்னைப் பிடிக்காமல் இல்லை. நான் முழித்துக்கொள்வேனாம். மெதுவாகப் பேசினால் துணியைப் பிரித்துக் காதில் வைத்துக்கொள்வாள், நீ சொல்வதெல்லாம் கேட்பாள், பதில் வராது, நீயாகவே பேசிக்கொண்டிரு, வைத்துவிடாதே.

இப்படிக்கு,
மாடிப்படியில் முழித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா